மற்றதெல்லாம் அப்படியே

என் டீயில் சர்க்கரை குறைவது எனக்குத் தெரிவதற்கு முன்னால் அவளுக்குத் தெரியும். குறைப்பதே அவள்தான். நான் முதல் வாய் குடிக்கும்போது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். "இன்னா, நல்லாக்கீதா?" என்பாள். நன்றாகத்தான் இருக்கிறது என்றால் தலையை ஆட்டிவிட்டுத் தன் டம்ளரை எடுப்பாள். சில நாள் கழித்து இன்னும் ஒரு சிட்டிகை குறையும். சித்திரைப் பிறப்புக்கு நான் திருநின்றவூருக்குப் போனபோது அம்மா போட்ட டீயை என்னால் குடிக்க முடியவில்லை. பாகு மாதிரி இனித்தது. இனிப்பில்லாத டீக்கு எந்த நாளில் பழகினேன் என்று யோசித்துப் பார்த்தேன். அப்படி ஒரு நாளே இல்லை.

இன்ஜினியரிங் முதல் வருஷம் நானும் என் வகுப்பில் படித்த அவளும் புதுவாயல் கூட்டுரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறையில் தங்கியிருந்தோம். கீழே வீட்டுக்கார அக்கா. மேலே ஒரு அறை, அதை ஒட்டிச் சின்னதாக ஒரு சமையல் மேடை, கதவைத் திறந்தால் மொட்டை மாடி. காலேஜ் பஸ் கூட்டுரோட்டிலேயே நிற்கும். தினமும் சென்ட்ரல் வரை போய் ரயில் மாறி வருவது எனக்கு முடியாது என்பதால் அப்பா அறை பார்த்துக் கொடுத்தார். அவள் வீடு அத்திப்பட்டில். ஒரே ரயில், உட்கார இடம் கிடைத்துக் கண் அசருவதற்குள் இறங்கிவிடலாம். அப்புறம் எதற்கு வாடகை அறை என்று கேட்டேன்.

"அந்த ஊட்ல எல்லாத்தையும் மாத்திட்டாங்கடி," என்றாள். "நைனா பெயிண்ட் அடிச்சிட்டாரு. அடுப்ப வேற பக்கம் வெச்சிட்டாரு. அங்க இருந்துக்கினு ஒன்னும் பண்ண முடியாது."

அப்பாவை அவள் நைனா என்பாள். படிக்க முடியாது என்று சொல்கிறாள் என எடுத்துக்கொண்டேன்.

ஒல்லியான பெண். குரல் உயர்த்தியதே கிடையாது. ஒரு நாளை எப்படி வாழ்ந்தாளோ அதே மாதிரி மறுநாளையும் வாழ்வாள். பாய் சுருட்டுவது, பல் தேய்ப்பது, ஜன்னல் திறப்பது, எல்லாம் ஒரே வரிசை. பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் ஒரு குறிப்பிட்ட ஜன்னலோரம். யாராவது அங்கே உட்கார்ந்திருந்தால் சண்டை போடமாட்டாள். பக்கத்தில் நின்றபடி அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டு வருவாள். கவரைப்பேட்டை வருவதற்குள் அந்தப் பெண் தானாக எழுந்து பின்னால் போய்விடும்.

அப்படி எல்லாவற்றையும் ஒன்றுபோல வைத்துக்கொண்டு, ஒன்றை மட்டும் மாற்றுவாள். ஒரு வாரம் கடிகாரத்தை வலது கையில் கட்டினாள். ஏன் என்று கேட்டதற்கு, "பாக்கலாம், இன்னா ஆவுதுன்னு," என்றாள். அவள் வாயில் அடிக்கடி வருகிற வார்த்தை அது. வாரக் கடைசியில், "ஒன்னும் ஆவல," என்று இடது கைக்கு மாற்றிவிட்டாள். இன்னொரு வாரம் ஜன்னலில் ஒரு கதவை மட்டும் சாத்தியே வைத்தாள். அதற்கும் ஒன்றும் ஆகவில்லை.

அடுத்ததாக, தினமும் படியிறங்கும்போது வீட்டுக்கார அக்காவைப் பார்த்து "வரேங்கா" என்று சொல்வதை நிறுத்தினாள். மற்றதெல்லாம் அப்படியே, அதே சிரிப்பு, கேட்டை அதே மாதிரி மெதுவாகச் சாத்துவது. அந்த ஒரு வார்த்தை மட்டும் இல்லை. ஒருநாள் சாயங்காலம் அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"உன் ஃபிரண்டுக்கு எம்மேல இன்னா கோவம்? நான் இன்னா பண்ணேன் அதுக்கு? ரெண்டு நாளா ஒரே பேஜாரா கீது. சோறு எறங்கல."

மாடிக்கு வந்து அதை அவளிடம் சொன்னேன். வருத்தப்படுவாள் என்று நினைத்தேன். அவள் கண் இரண்டும் விரிந்தன.

"பாத்தியா? அந்த வார்த்தைக்கு மட்டும் ஆவுது," என்றாள்.

இரண்டாம் செமஸ்டர் கணக்கில் பல மாறிகள் வந்தன. தமிழ் மீடியத்தில் படித்து வந்தவள் நான். ஒரு மாறியையே பயந்து பயந்து தாண்டியிருந்தேன். எங்கள் கணக்கு மேடம் பொறுமைசாலி. முதல் வகுப்பில் போர்டு முழுக்க ஒரு செவ்வகம் வரைந்தார்.

"கும்மிடிப்பூண்டி மில்லுல உருக்கி எடுத்த தகடுன்னு வெச்சுக்கோங்க. எந்த இடத்துல எவ்வளவு சூடுன்னு பாக்கணும். கிழக்கு மேற்கா நகர்ந்தா ஒரு மாதிரி மாறும். தெற்கு வடக்கா நகர்ந்தா வேற மாதிரி மாறும். ரெண்டையும் ஒன்னா நகர்த்தினா, எதனால மாறிச்சுன்னு சொல்ல முடியாது. அதனால ஒன்ன அசையாம பிடிச்சு நிறுத்திட்டு, இன்னொன்ன மட்டும் மாத்துறோம். இதுதான் பார்ஷியல் டெரிவேட்டிவ்."

பக்கத்தில் இருந்தவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். கை சில்லிட்டிருந்தது.

"இதுக்குப் பேரு கீதாடி?" என்று கேட்டாள்.

அன்றிலிருந்து அவளுக்கு வேறு பாடமே கண்ணில் படவில்லை. எனக்கு நேர் எதிர். முதல் இன்டர்னல் தேர்வில் தோற்றேன். இரண்டாவதிலும் தோற்றேன். அரியர் விழுந்தால் அப்பாவின் முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்று அழுதபடி படுத்திருந்தபோது அவள்தான் எழுப்பி உட்காரவைத்தாள். என் கால்களை மடக்கச் சொல்லி முட்டிகள் மேல் போர்வையைப் போட்டாள்.

"இப்ப உன் ரெண்டு முட்டியும் ரெண்டு மலை. நடுவுல விரல வை. இந்த முட்டிலேருந்து அந்த முட்டிக்குப் போறவனுக்கு இதுதான் பள்ளம். அப்படியே திரும்பி வயித்துப் பக்கத்துலேருந்து காலுக்குப் போறவனுக்கு இதுதான் மேடு. எடம் ஒன்னுதான். அங்க நிக்கிறவனுக்கு மட்டும் ரெண்டுமே தெரியாது. சமமாக்கீதுன்னு நெனச்சிக்குவான்."

மேடம் மூன்று வகுப்பு எடுத்தும் புரியாத சேணப்புள்ளி அந்தப் போர்வையில் எனக்குப் புரிந்தது. அதற்குப் பிறகு தினமும் சொல்லிக்கொடுத்தாள். பொறுமை இழந்ததே இல்லை. அவள் இல்லாவிட்டால் நான் அந்தப் பாடத்தைத் தாண்டியிருக்கவே மாட்டேன். இதைச் சொல்லக் காரணம், பதிலுக்கு அவள் கேட்டதெல்லாம் அவ்வளவு சின்ன விஷயங்கள் என்பதுதான்.

"வகிட்ட கொஞ்சம் இந்தப் பக்கம் எடேன். உனுக்கு நல்லாக்கீது." எடுத்தேன். "இந்த சோப்பு போடு, வாசனையாக்கீது." போட்டேன். பின்னல் வேண்டாம், கொண்டை போடு என்றாள். வெயில் காலம், கழுத்துக்குச் சுகமாகத்தான் இருந்தது. மூக்கில் ஒட்டிக்கொள்ளும் சிவப்புக் கல் ஒன்று வாங்கி வந்தாள். காலை நாஷ்டா அவள் முறையாக இருந்தது மெல்ல என் முறையானது. அடுப்புக்கு முன் எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கவேண்டும் என்றுகூட ஒருநாள் சொன்னாள். "செருப்பத் தேச்சிக்கினு நடடி. சத்தம் வரட்டும். நீ வர்றது தெரியணும் எனுக்கு." சிரித்தேன். அதையும் செய்தேன். ஒரு வாரத்தில் ஒன்று என்பதால் எதுவும் பெரிதாகத் தெரியவில்லை.

சித்திரை லீவுக்குப் போனேன் என்று சொன்னேன் அல்லவா, அன்று திருநின்றவூர் ஸ்டேஷனில் அம்மா காத்திருந்தாள். ரயிலிலிருந்து இறங்கி அவளை நோக்கி நடந்தேன். அம்மா என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு என் தோளுக்குப் பின்னால் வருகிறவர்களைத் தேட ஆரம்பித்தாள். நான் பக்கத்தில் போய் நின்று "அம்மா" என்றதும் திடுக்கிட்டுத் திரும்பினாள்.

"நீயாடி? யாரோ பெரிய பொம்பள வர்றாங்கன்னு இருந்தேன்," என்றாள். வீடு வரை என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

லீவு முடிந்து வந்த வாரம் வகுப்பில் அவள் எழுந்து கேள்வி கேட்டாள். அதுவரை எந்த வகுப்பிலும் அவள் கேட்டதில்லை. ஒரு மாறி மாறும்போது மற்றதும் கூடவே மாறினால் என்ன செய்வது என்று மேடம் நடத்திக்கொண்டிருந்தார்.

"மேடம், எல்லாம் ஒன்னுக்கொன்னு கோத்துக்கினு இருந்தா, எதனால ஆச்சுன்னு எப்படித் தெரியும்?"

"ஒவ்வொண்ணோட பங்கையும் கண்டுபிடிச்சுக் கூட்டணும்மா."

"ஒரே ஒன்னுதான் காரணம்னா?"

"அப்ப மத்த எல்லாத்தையும் பழைய இடத்துல கொண்டுபோய் நிறுத்தணும்."

"நிறுத்திட்டா தெரிஞ்சிடுமா மேடம்?"

"தெரிஞ்சிடும்," என்றார் மேடம், சாக்பீஸைத் தட்டியபடி. அவர் கணக்கைத்தான் சொன்னார். அவள் நெடுநேரம் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தாள்.

அவளுடைய அம்மாவைப் பற்றி அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் முதலில் சொன்னாள். கரண்ட் போயிருந்தது. மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தோம்.

"நான் டென்த் படிக்கிறப்ப எங்கம்மா போய்ட்டாங்கடி."

"இறந்துட்டாங்களா?"

"இல்ல. போய்ட்டாங்க. காலைல நான் ஸ்கூலுக்குக் கெளம்பினேன். அடுப்பண்ட நின்னுக்கினு இருந்தாங்க. சாயங்காலம் வந்தா இல்ல."

அன்று காலையை அவள் முழுசாகச் சொன்னாள். ரவா உப்புமா. அம்மா கட்டியிருந்தது ஊதாவில் வெள்ளைப் பூப்போட்ட புடவை. குக்கர் விசில் சரியாக அடங்காமல் சீறிக்கொண்டிருந்தது. பவர் ஹவுஸில் நிலக்கரி எரிந்த சாம்பல் எப்போதும்போல் கொடித்துணி மேல் படிந்திருந்தது. அம்மா எப்போதும்போல் துண்டை ஒரு தடவை உதறி மகள் தோளில் போட்டாள். நைனா நிலக்கரி யார்டுக்கு ஷிஃப்ட் போயிருந்தார். சண்டை இல்லை. யாரும் அழவில்லை. முந்தின நாள் எப்படியோ அப்படியே.

"எல்லாம் அப்படியேதான் இருந்துச்சுடி. ஆனா ஏதோ ஒன்னு மாறியிருக்கணும் இல்ல? இல்லாட்டி ஏன் போவாங்க? அது எதுன்னுதான் பாத்துக்கினு கீறேன்."

ஆறுதலாக ஏதாவது பேசவேண்டும் என்று, "அம்மா எப்படி இருப்பாங்க?" என்று கேட்டேன்.

துணியை மடித்தபடியே சொன்னாள். "உன்ன மாதிரி."

கொஞ்சம் பொறுத்து, "இப்ப," என்றாள்.

நல்ல வெயில். ஹைவேயில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. கீழே வீட்டுக்கார அக்கா யாருடனோ போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். நான் உள்ளே போய்க் கொண்டையை அவிழ்த்து, மூக்கிலிருந்த கல்லைப் பிய்த்து எடுத்தேன். வகிடு எடுக்கச் சீப்பைத் தூக்கினேன். முன்பு எந்தப் பக்கம் எடுப்பேன் என்று கைக்கு மறந்துபோயிருந்தது.

அன்றே அறையைக் காலி செய்திருக்கலாம். பரீட்சைக்குச் சில நாள்தான் இருந்தது. அதுமட்டும் இல்லை, அவள் மேல் எனக்குப் பயம் வந்த மாதிரியே ஒரு இரக்கமும் வந்துவிட்டது. அவள் எனக்குக் கெடுதலாக ஒன்றும் செய்யவில்லையே என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

கணக்குப் பரீட்சைக்கு முந்தின காலை, நான் குளித்து வந்தபோது கொடியில் என் துணி இல்லை. பாய் மேல் ஒரு புடவை மடித்து வைத்திருந்தது. ஊதா. வெள்ளைப் பூ.

அவள் ஸ்கூல் பெண் மாதிரி இரட்டைப் பின்னல் போட்டுக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்.

"ஒரே ஒரு தடவடி," என்றாள். "அப்புறம் உன்ன ஒன்னுமே கேக்கமாட்டேன். நீ அடுப்பண்ட நின்னா போதும். நான் பையை மாட்டிக்கினு கெளம்புவேன். அவ்ளோதான்."

முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன். பதினைந்து வயசுப் பெண்ணின் முகம் அது. புடவையைக் கட்டிக்கொண்டேன். கொண்டை போட்டுக்கொண்டேன். அந்தக் கல்லை அவளே ஒட்டினாள். உப்புமாவுக்கு ரவை வறுத்து வைத்திருந்தாள். குக்கர் விசிலை ஏதோ செய்திருந்தாள். அது அடங்காமல் சீறிக்கொண்டிருந்தது. நான் அடுப்பைப் பார்த்து, எனக்குப் பழகியிருந்த பக்கம் சாய்ந்து நின்றேன்.

பின்னால் பையை மாட்டும் சத்தம் கேட்டது. அதே நேரம் படியில் யாரோ ஏறி வரும் சத்தமும் கேட்டது. அவள் வரச்சொல்லவில்லை என்று பிறகு தெரிந்தது. அவள் வீட்டில் மறந்துவிட்டு வந்த கால்குலேட்டரைக் கொடுத்துவிட்டுப் போக நைனா ஷிஃப்ட் முடித்து நேராக ரயிலேறி வந்திருந்தார். கதவு திறந்தே இருந்தது.

"வந்துட்டியா?" என்றார்.

மகளிடம் அப்படிக் கேட்கமாட்டார் யாரும். என் முதுகைப் பார்த்துத்தான் கேட்டார். திரும்பத் தைரியம் வரவில்லை எனக்கு. அவர் கையிலிருந்து ஏதோ தரையில் விழுந்தது.

அவள் அவரைத் திரும்பிக்கூடப் பார்த்திருக்கமாட்டாள். என் பின்னால் வந்து நின்றாள். அவள் மூச்சு என் கழுத்தில் பட்டது.

"அம்மா, இன்னா மாறிச்சு? ஏம்மா போன?"

பதில் சொல்லவேண்டும் என்று எங்களுக்குள் பேச்சே இல்லை. நான் கரண்டியைப் பிடித்தபடி நின்றேன். எத்தனையோ காலைகளாக அதே இடத்தில் அதே கரண்டியோடு நின்றிருக்கிறேன் என்று தோன்றியது. அப்புறம் என் வாய் பேசியது.

"ஒன்னும் மாறலடி. அதான் போனேன்."

என் குரல்தான். ஆனால் நான் நினைத்துச் சொன்ன வார்த்தை இல்லை. இன்றுவரை அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது.

திரும்பிப் பார்த்தேன். அவள் நைனா வாசற்படியில் உட்கார்ந்துவிட்டிருந்தார். கரி படிந்த விரல்களால் வாயை மூடிக்கொண்டிருந்தார்.

"இதேதான் சொன்னா," என்றார். "போன அன்னிக்கு சாயங்காலம் போன் பண்ணா. நான் இதையேதான் கேட்டேன். ஒன்னும் மாறல, அதான் போறேன்னா. தேடாதீங்கன்னா." மகளை நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார். "உன்னாண்ட சொல்ல எனுக்கு வாய் வரல பாப்பா. இந்தப் பொண்ணுக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?"

என்னிடம் கேட்டார்.

அவள் அழவில்லை. போய் அடுப்பை அணைத்தாள். குக்கரின் சீறல் மெல்ல அடங்கியது. தரையில் கிடந்த கால்குலேட்டரை எடுத்துத் துடைத்து, ஓடுகிறதா என்று அழுத்திப் பார்த்தாள். "வா நைனா, ஊட்டுக்குப் போலாம்," என்று அவர் கையைப் பிடித்து எழுப்பினாள். பாயையும் பெட்டியையும் எடுக்கவில்லை. படியிறங்கும்போது ஒருமுறைகூட என்னைப் பார்க்கவில்லை.

மறுநாள் பரீட்சை எழுதினாள். நானும் எழுதினேன்; பாஸானேன். அடுத்த வருஷத்திலிருந்து அவள் தினமும் அத்திப்பட்டிலிருந்தே வந்தாள். வேறு வேறு சுடிதார், வேறு வேறு சீட். சிரித்துப் பேசினாள். கூட்டத்தோடு கேன்டீன் போனாள். மற்றவர்கள், இந்தப் பெண் எவ்வளவு மாறிவிட்டாள் என்றார்கள். என்னிடம் மட்டும் பேசவில்லை. நான் ஒரு வரிசையில் உட்கார்ந்தால் அவள் எழுந்து வேறு வரிசைக்குப் போனாள். வெட்கப்படுகிறாள் என்று முதலில் நினைத்தேன். நான் தலைமுடியைத் தோள்வரை வெட்டிக்கொண்டேன், அப்படியும் பார்க்கவில்லை. மூன்று வருஷம் அந்த முதுகையே பார்த்துப் பார்த்துத்தான் எனக்கு விளங்கியது. அவள் என் மேல் கோபமாக இருந்தாள். விட்டுப் போனவள் மேல் ஒரு மகளுக்கு இருக்கும் கோபம்.

கடைசிப் பரீட்சை முடிந்த மத்தியானம் கவரைப்பேட்டை ஸ்டேஷனில் நின்றிருந்தேன். எங்கள் பையன்கள் சட்டையில் மை தெளித்துக்கொண்டு பிளாட்பாரத்தின் அந்தக் கோடியில் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் அந்தக் கூட்டத்திலிருந்து பிரிந்து நேராக என்னிடம் வந்தாள். பக்கத்தில் பார்த்து வெகுநாளாகியிருந்தது. கன்னம் பூசினாற்போல் சதை வைத்திருந்தது.

"நீ போயிருக்கக் கூடாது," என்றாள்.

நான் இல்லடி அது என்று சொல்லியிருக்கலாம். என் பெயரைச் சொல்லியிருக்கலாம். ரயில் தூரத்தில் வருவது தெரிந்தது.

"தப்புதான்," என்றேன். "உன்ன உட்டுட்டுப் போயிருக்கக் கூடாது."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டினாள். ரயில் வந்து நின்றது. ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்து, நான்கு வருஷத்தில் நான் பார்த்தேயிராதபடி, வாய்விட்டு அழுதாள். பக்கத்திலிருந்த பெண்கள் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தார்கள்.

நான் சென்ட்ரலுக்குப் போவதும் அதே ரயிலில்தான். ஏறவில்லை. அவள் பார்வையிலிருந்து நான் மறையும்வரை, பிளாட்பாரத்தில் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தேன்.